மதினி சிரித்த இடம்

அத்தியாயம் 14

போன வாரம் ஜெயசித்ராவைக் குற்றாலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தோம். கைப்பையில் இருந்த செல்போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் போனுக்குள்தான் அவள் செய்த தப்பு இருந்தது. தப்பு என்று அவளுக்கும் தெரியும். எவ்வளவு பெரிய தப்பு என்று மட்டும் தெரியாது.

இடையில் சில வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

மருதங்கட்டளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜெயசித்ரா நர்ஸ். கணவன் சுந்தரபாண்டியன் போலீஸில் ஏட்டு. அவன் தம்பி இசக்கிதுரை ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து ஒரு வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்து அவனுக்குச் சரியான தூக்கமில்லை, பசியில்லை, மதினி ஜெயசித்ராவிடம் பேசும் கேலியைத் தவிர வேறு பேச்சில்லை. சகித்துச் சகித்துப் பார்த்த மனைவி ஆனந்தவள்ளி, மகளைத் தூக்கிக்கொண்டு கடையத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

இந்த நேரத்தில்தான் ஜெயசித்ராவுக்கு அந்தப் பயிற்சி வந்தது. மனசு சரியில்லை என்று டாக்டரைத் தேடிப் போகாத ஜனங்கள்கூட, சர்க்கரை மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவார்கள் அல்லவா? அவர்களிடம் அங்கேயே உட்கார்ந்து முறையாகப் பேசுவதற்குக் கிராமத்து நர்ஸுகளைத் தயார் செய்கிறார்கள். வாய்க்கு வந்த ஆறுதலைச் சொல்வதில்லை. பல ஊர்களில் சோதித்துப் பார்த்து, பலன் உண்டு என்று தெரிந்துகொண்ட பிறகு வகுத்த முறை. நர்ஸுகள் தங்களுக்குள் அதைப் ‘பேச்சு வைத்தியம்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

நோயாளியின் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்து, வெள்ளிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். எல்லோரும் கேட்டுவிட்டு, எங்கே சரி, எங்கே சறுக்கல் என்று சொல்வார்கள். சொந்தக்காரர்களுக்கு மட்டும் இந்த வைத்தியம் பார்க்கக் கூடாது, வேறு ஆளிடம் அனுப்பிவிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

அந்த விதி ஏட்டு வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

“வீட்டுலயே ஆளை வச்சுக்கிட்டு வெளிய எதுக்குப் போவணும்? மிலிட்டரிக்காரனுக்கு மனசு சரியில்லன்னு ஊருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு ஒரு வாட்ச்மேன் வேலையாவது கிடைக்குமா அவனுக்கு?” என்று சுந்தரபாண்டியன் முடித்துவிட்டான். ஜெயசித்ராவும் சரி என்றாள். நம்மால் முடியும் என்ற மிதப்பு அவளுக்கும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்? கொழுந்தனுக்குப் பரமசிவன் என்று பேர் மாற்றி, பக்கத்து ஊர் நோயாளி என்று சொல்லி, மூன்று வாரமாக வீட்டிலேயே வைத்தியம் பார்த்துவந்தாள்.

இனி இன்றைய கதை.

குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வகுப்பு. சாரல் ஜன்னல் வழியாக உள்ளே வந்து நாற்காலிகளை நனைத்துக்கொண்டிருந்தது. பயிற்சி கொடுக்கும் ரூபி மேடம் நாகர்கோவில்காரர். குரலை உயர்த்தமாட்டார், ஆனால் விடவும் மாட்டார்.

“இன்னிக்கு ஜெயசித்ரா பேச்சைக் கேப்போம். போடுங்க.”

ஜெயசித்ரா போனை மேஜைமேல் வைத்தாள். முதலில் அவள் குரல், பிறகு இசக்கிதுரையின் குரல்.

‘தூக்கம் எப்படி இருக்கு?’

‘முந்திக்கு இப்ப பரவால்ல மதினி.’

பக்கத்தில் இருந்த பிச்சம்மாள் சிரித்தாள். அவளும் நர்ஸ்தான், கீழப்பாவூர்க்காரி. “என்னக்கா, பேஷண்ட்டு மதினிங்கான்?”

“தெரிஞ்ச பையந்தான். முறைக்கு அப்படித்தான் கூப்பிடுவான்” என்று ஜெயசித்ரா சமாளித்தாள்.

பதிவு ஓடியது. காலையில் ஷேவ் பண்ணுவது, குளத்தங்கரை வரை நடப்பது, யாராவது ஒருத்தரைப் போய்ப் பார்ப்பது என்று வாரத்துக்கான வேலைகளை இருவரும் பேசி முடிவு செய்தார்கள். மனசு தெளியட்டும், அப்புறம் எழுந்திருக்கலாம் என்று காத்திருக்காமல், முதலில் எழுந்து வேலையைத் தொடங்கினால் மனசு பின்னாலேயே வரும் என்பதுதான் இந்த வைத்தியத்தின் சாரம். ரூபி மேடம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஜெயசித்ராவுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

அப்புறம் அந்த இடம் வந்தது.

‘நான் போயிட்டேன்னு வைங்க மதினி, என் கட்டிலை நீங்க எடுத்துக்கிடலாம்.’

‘கட்டில் மட்டும் போதுமா? அந்த இரும்புப் பெட்டியையும் குடுத்துட்டுப் போங்க கொழுந்தனாரே. போறதுதான் போறீங்க, ஒரு வெள்ளிக்கிழமையாப் பாத்துப் போங்க. அன்னைக்குத்தான் எனக்கு டூட்டி கிடையாது.’

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிப்புதான் சத்தமாகக் கேட்டது.

மாடியில் இருந்த நர்ஸுகள் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எல்லோரும் இந்தப் பக்கத்துப் பெண்கள். மதினியும் கொழுந்தனும் வாயைத் திறந்தால் கேலிதான் வரும். கல்யாணமாகி வந்த நாள் முதல் ஜெயசித்ராவும் இசக்கிதுரையும் நேராக ஒரு வாக்கியம் பேசிக்கொண்டதில்லை. அவன் காஷ்மீரிலிருந்து போன் செய்தால், “இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா?” என்றுதான் இவள் ஆரம்பிப்பாள். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

ரூபி மேடம் சிரிக்கவில்லை.

“கொஞ்சம் பின்னால தள்ளி மறுபடி போடுங்க.”

இரண்டாம் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

“அவர் என்ன சொன்னாரு ஜெயசித்ரா?”

“அது கேலிக்குச் சொன்னது மேடம்.”

“கேலியோ நிஜமோ, அதை அப்புறம் பாப்போம். அவர் வாயில வந்த வார்த்தையை மட்டும் சொல்லுங்க.”

“நான் போயிட்டேன்னு வைங்கன்னு...”

“நீங்க என்ன கேட்டிருக்கணும்?”

எல்லோருக்கும் தெரியும். இதே மாடியில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பழகிய கேள்விதான். ‘சாகணும்னு தோணுதா?’ முதலில் வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடாதா என்று பிச்சம்மாள்கூடக் கேட்டாள். கேட்பதால் வராது, கேட்காமல் விட்டால்தான் உள்ளேயே கிடந்து வளரும் என்று ரூபி மேடம் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு ஜெயசித்ரா எத்தனையோ நோயாளிகளிடம் அதைக் கேட்டுவிட்டாள். கொழுந்தனிடம் மட்டும் கேட்கவில்லை. மதினி எப்படி அதைக் கேட்பாள்?

“இப்ப எப்படி இருக்காரு இவரு?”

“நல்லா இருக்காரு மேடம். முந்தா நாள்லருந்து ரொம்பத் தெளிவாயிட்டாரு. நேத்து பாட்டெல்லாம் கேட்டாரு.”

ரூபி மேடம் முகம் மாறியது. சாவதென்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கும் இப்படித் திடீரென்று ஒரு தெளிவு வரும் என்று அவர் வகுப்பில் சொல்லியிருந்தார். “திடீர்னு தெளிவாயிட்டாரா?”

அப்போதுதான் ஜெயசித்ராவுக்கு உறைத்தது. இன்று வெள்ளிக்கிழமை.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “மேடம், இது பரமசிவன் இல்ல. எங்க வீட்டுக்காரருக்குத் தம்பி. என் கொழுந்தன்.”

திட்டுவார் என்று நினைத்தாள். ரூபி மேடம் திட்டவில்லை. “உடனே போங்க. போன் பண்ணிக்கிட்டே போங்க. ஆளைத் தனியா விடாதீங்க. நேராக் கேளுங்க, சுத்தி வளைக்காதீங்க. என்ன பதில் சொன்னாலும் கூட்டிட்டு தென்காசி பெரியாஸ்பத்திரிக்கு வந்திருங்க. நான் டாக்டர்கிட்ட சொல்லி வைக்கேன்.”

படியிறங்கும்போதே இசக்கிதுரைக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பவும் போட்டாள், எடுக்கவில்லை. வீட்டில் இருக்கும் மாமியாரிடம் போன் கிடையாது.

பேரருவிப் பக்கம் நல்ல கூட்டம். சீசன் முடியும்வரை சுந்தரபாண்டியனுக்கு அங்கேதான் பந்தோபஸ்து. தலையில் எண்ணெய் வழிய வழிய வரிசையில் நின்ற ஆண்களை இடித்துக்கொண்டு அவள் போனாள். நடுவில் போன் அடித்தது. இசக்கிதுரைதான் என்று பதறிப்போய் எடுத்தால், கடையத்திலிருந்து ஆனந்தவள்ளி.

“அக்கா, காலையில இங்கன அவுக வந்துட்டுப் போனாக.”

“துரையா? என்ன சொன்னாக?”

“பழைய மனுசனாட்டம் பேசினாக அக்கா. என்னைய மன்னிச்சுருன்னாக. பிள்ளையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, அவுக மெடலை அது சட்டையில குத்திவிட்டு, இனிமே இது உனக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாக.” ஆனந்தவள்ளியின் குரல் தழுதழுத்தது. “நீங்க என்ன வைத்தியம் பண்ணுனீங்களோ, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். நான் அடுத்த வாரம் வந்திருதேன் அக்கா, அவுககிட்ட சொல்லுங்க.”

“உன்னைய வரச் சொல்லி அவுக கூப்பிட்டாகளா?”

“இல்ல. கூப்பிடத்தான் இல்ல.”

ஜெயசித்ரா அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். அந்தப் பெண்ணிடம் என்னவென்று சொல்வது?

சுந்தரபாண்டியன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, தடுப்புக் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றான். விஷயத்தைச் சொன்னதும் அவனுக்குக் கோபம்தான் வந்தது.

“வாயைக் கழுவுட்டி. அவன் என் தம்பி. குண்டு விழுற இடத்துல நின்னவன். அவன் அப்படியெல்லாம் செய்வானா?”

“எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. அதான் கேக்காம விட்டுட்டேன். இப்ப போனை எடுக்க மாட்டேங்காக. வாங்க போவோம்.”

“போன் எங்கயாவது சார்ஜ்ல கிடக்கும். நீ பயிற்சிக்குப் போனாலும் போன, பாக்கதெல்லாம் உனக்கு வியாதியாத் தெரியுது.”

“நீங்க வரலன்னா நான் ஆட்டோ பிடிச்சுப் போறேன்.”

அவள் முகத்தில் என்னத்தைப் பார்த்தானோ, விசிலைப் பையில் போட்டான். இன்ஸ்பெக்டரிடம் அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று பொய் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான். அந்த நேரத்திலும் அவனுக்குப் பொய்தான் முதலில் வந்தது.

மேலகரம் தாண்டி, தென்காசி நெரிசலில் மாட்டி, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தார்கள். வாசலிலேயே எண்ணெய் காயும் வாசனை வந்தது.

மாமியார் மாரித்தாய் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அந்த வீட்டில் பண்டிகைக்குக்கூட எண்ணெய்ச் சட்டி ஏறியதில்லை. மருமகளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

“வா தாயி. நீ சொன்னபடியே நடக்குதான் என் பிள்ளை. விடியமுன்ன எந்திரிச்சு ஷேவ் பண்ணினான். கடையத்துக்குப் போயி பொண்டாட்டி பிள்ளையைப் பாத்துட்டு வந்தான். உக்காந்து ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்னான். என் கையைப் பிடிச்சு முத்தங்கூடக் குடுத்தான்னா பாரேன்! சின்னப் பிள்ளையில குடுத்தது. உன் வைத்தியம் பலிச்சிட்டுட்டி.”

“எங்க அத்தை அவுக?”

“வயலுக்குப் போயிருக்கான். மோட்டார் ரூம் சாவியை எடுத்துக்கிட்டு, தண்ணி பாய்ச்சிட்டு வாரேன்னு போனான்.”

ஜெயசித்ராவுக்குப் புரிவதற்கு முன்பே சுந்தரபாண்டியன் முகம் வெளுத்தது. ஏட்டானாலும் வயல்காரன் மகன் அல்லவா? “ஒரு வாரமாச் சாரல் அடிக்குது. வயல்ல முழங்கால் தண்ணி நிக்கு. இப்ப எதுக்கும்மா மோட்டாரு?” என்றான். அவன் குரல் கீச்சென்று போய்விட்டது.

மாரித்தாய் ஒன்றும் புரியாமல் கரண்டியோடு நின்றாள். அவளுக்கு விளக்கம் சொல்ல இருவரும் நிற்கவில்லை.

வரப்பில் பைக் போகாது. இறங்கி ஓடினார்கள். காக்கி பேன்ட் சேறாக, சுந்தரபாண்டியன் இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்து எழுந்தான். “துரை! ஏலே துரை!” என்று கத்திக்கொண்டே ஓடினான்.

இசக்கிதுரை மோட்டார் ரூம் வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சாரலில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கதவு இன்னும் பூட்டித்தான் கிடந்தது. சாவி அவன் கையில் இருந்தது. பயிருக்கு அடிக்கிற மருந்தை அந்த அறைக்குள்தான் வைப்பார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். பழைய சிரிப்பு, பழைய குரல்.

“வாங்க மதினி. அதுக்குள்ள பாடம் முடிஞ்சிட்டா? இல்ல, மக்குன்னு சொல்லி வெளிய அனுப்பிட்டாங்களா?”

பதிலுக்கு அவள் வாயில் கேலி வரத்தான் பார்த்தது. இத்தனை வருஷப் பழக்கம் எங்கே போகும்? பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். சேற்றிலேயே அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

“துரை, நான் கேலி பேச வரல. நேராக் கேக்கேன், நேராச் சொல்லுங்க. சாகணும்னு நெனச்சுத்தான் இங்கன வந்தீங்களா?”

“ஏட்டி!” என்று சுந்தரபாண்டியன் அதட்டினான். அவள் திரும்பவில்லை.

இசக்கிதுரையின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. அது போன பிறகு அவள் பார்த்த முகத்தை அவள் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அவ்வளவு களைத்துப்போன முகம். இந்த முகத்தை உள்ளே வைத்துக்கொண்டா ஒரு வருஷமாகத் தன்னிடம் சிரித்தான்?

“ஆமா மதினி” என்றான்.

“எப்பலருந்து?”

“வந்ததுலருந்துதான். உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்! ஒவ்வொரு வாரமும் சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. சரி, படிச்சுட்டு வந்த மதினிக்கே இது சிரிப்பாத்தான் இருக்கு, வேற யாருகிட்ட சொல்லன்னு விட்டுட்டேன்.”

“தெரியாமச் சிரிச்சுட்டேன் துரை. என்னைய மன்னிச்சிருங்க.”

“உங்களைக் குத்தம் சொல்லல. நேராச் சொல்ல எனக்கும் வாய் வரல. கேலியாச் சொன்னா யாரும் கோவப்பட மாட்டாங்கல்லா, அதான் அப்படிச் சொன்னேன்.”

“சாவியைக் குடுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். அங்க டாக்டர் இருக்காரு, சொல்லி வச்சிருக்கு. நான் உங்க கூடயே இருக்கேன்.”

சுந்தரபாண்டியன் குறுக்கே வந்தான். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனாலும் பேச்சு மாறவில்லை. “ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம். அங்க பாதிப்பேருக்கு என்னையத் தெரியும். வீட்டுக்குப் போவோம், நாம பாத்துக்கிடலாம். ஏலே துரை, உனக்கு என்னலே குறை? அண்ணன் இருக்கேம்லா?”

இசக்கிதுரை உள்ளங்கையை விரித்துச் சாவியைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான்.

“நீ சொல்லுண்ணே. என் தம்பிக்கு மனசு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஒரே ஒரு தடவை உன் வாயால சொல்லு. சாவியைத் தந்துருதேன். நீ எங்க கூப்பிட்டாலும் வாரேன்.”

சுந்தரபாண்டியன் வாயைத் திறந்தான். ஊரையே அதட்டுகிற வாய்தான். சொல்லிவிடுவான் என்றுதான் ஜெயசித்ரா நினைத்தாள். சொல்லுங்களேன், சொல்லித் தொலையுங்களேன் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து எதிர்வரப்பில் பக்கத்து வயல்காரர் வல்லிநாயகம் வந்தார். குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“என்ன ஏட்டய்யா, வீட்டுப் பொம்பளை, தம்பி, எல்லாரும் நனைஞ்சுக்கிட்டு நிக்கீங்க? என்ன விசேஷம்?”

சுந்தரபாண்டியன் சட்டென்று கையால் கண்ணைத் துடைத்தான்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சும்மா சாரல்ல நனையலாம்னு வந்தோம். பைசா இல்லாத குற்றாலம்லா!” என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

வல்லிநாயகமும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இசக்கிதுரை அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். விரித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, சாவியை மூடிக்கொண்டான். மதினி கொழுந்தனைத் தொடக் கூடாது என்பதையெல்லாம் மறந்து, ஜெயசித்ரா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் திறக்கப் பார்த்தாள். அது திறக்கவில்லை.